மே மாத லீவில் இலங்கை போறீங்களா? எந்த மாதம், எந்தப் பக்கம் போகலாம்? மலை, கடல், காடு... முழு விவரம்

சென்னையிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொழும்பு. பரப்பளவில் தமிழ்நாட்டில் பாதிதான். ஆனால் அந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே பனி மூடிய சமவெளி, மழைக்காடு, யானைக் கூட்டம், திமிங்கலம், பவளப்பாறை என எல்லாமே இருக்கிறது. வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் பல குடும்பங்கள் முதலில் யோசிப்பது இலங்கையைத்தான்.

ஆனால் பலர் செய்யும் ஒரு தவறு, பள்ளி லீவு கிடைக்கும் மாதத்தில் ஏதோ ஒரு பேக்கேஜை புக் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவது. போய் இறங்கினால் கடலில் சிவப்புக்கொடி, மலையில் விடாத மழை. "இலங்கையில் மழை" என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. ஒரு பக்கம் கொட்டும்போது இன்னொரு பக்கம் வெயில் அடிக்கும். அந்தக் கணக்கு தெரிந்தால் பாதிப் பயணம் சரியாகிவிடும். எந்த மாதம் எங்கே போகலாம், என்னென்ன பார்க்கலாம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

ஒரே தீவு, இரண்டு பருவமழை: எப்படி?

இலங்கையின் நடுவில் மலைத்தொடர் இருக்கிறது. மிக உயரமான சிகரம் பீதுருதாலகால, 2,524 மீட்டர். இந்த மலைதான் தீவின் வானிலையை இரண்டாகப் பிரிக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்று அரபிக்கடல் பக்கமிருந்து வந்து மலையில் மோதுவதால் கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, ரத்னபுரி, மலையின் மேற்குச் சரிவு எல்லாம் நனைகிறது. மலையைத் தாண்டிப் போகும் காற்றில் ஈரம் குறைந்துவிடும். அதனால் அதே மாதங்களில் திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்குடா, யாழ்ப்பாணம் பகுதிகள் காய்ந்து கிடக்கும். நம்ம ஊரில் கேரளா நனையும்போது திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் காய்வது போலத்தான் இதுவும்.

அக்டோபர், நவம்பரில் கணக்கு மாறத் தொடங்கும். இந்த இரண்டு மாதங்களில் தீவு முழுக்கவே மழை வரலாம். வங்கக்கடலில் உருவாகும் புயல்களும் இந்தச் சமயத்தில்தான் அதிகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கிழக்கும் வடக்கும் நனையும். தெற்கு, மேற்குக் கடற்கரை பளிச்சென்று இருக்கும்.

நம்ம ஊர் லீவுக்கு எது பொருந்தும்?

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு லீவு கிடைப்பது பெரும்பாலும் நாலு சமயத்தில்தான். அதை வைத்தே பிளான் பண்ணலாம்.

• கோடை விடுமுறை, மே: கிழக்கும் வடக்கும். திருகோணமலை, நிலாவெளி, யாழ்ப்பாணம், நெடுந்தீவு. கூடவே சிகிரியா. மிரிஸ்ஸ, உனவட்டுன, பெந்தோட்ட கடற்கரைகளில் மே மாதத்தில் கடல் கொந்தளிப்பு தொடங்கிவிடும். ஹோட்டல் கட்டணம் குறைவாக இருக்கும், அதற்குக் காரணமும் அதுதான்.

• காலாண்டு விடுமுறை, செப்டம்பர் கடைசி: மின்னேரியா யானைக் கூட்டம், திருகோணமலை, எல்ல. கிழக்கில் மழை தொடங்குவதற்கு முந்தைய கடைசி நல்ல வாரங்கள் இவை.

• அரையாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசி: காலி, மிரிஸ்ஸ, உடவளவ. கூட்டமும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். மலைப்பகுதியில் மழை முழுசா விட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

• பொங்கல் விடுமுறை, ஜனவரி: திமிங்கலம், சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி. மலைக்குப் போக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் சிறந்த காலம்.

ஏப்ரல் 13, 14 தேதிகளில் சிங்களவரும் தமிழரும் புத்தாண்டு கொண்டாடுவார்கள். அந்த வாரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், பஸ், ரயிலில் கூட்டம் தாங்காது. நுவரெலியாவில் அது வசந்த கால சீசன் என்பதால் அறை கிடைப்பதே கஷ்டம்.

1. சிகிரியாவும் பிதுரங்கலவும்: எதில் ஏறுவது?

காட்டின் நடுவே சுமார் 200 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் ஒற்றைப் பாறை சிகிரியா. 5-ம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அதன் உச்சியில் அரண்மனை கட்டினான். தந்தை தாதுசேனனிடமிருந்து ஆட்சியைப் பறித்தவன், தம்பி முகலன் படையோடு திரும்பி வருவான் என்ற பயத்தில் பாறை மேலே போய் உட்கார்ந்துகொண்டான் என்கிறது வரலாறு. 1982-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

மேலே போக சுமார் 1,200 படிகள். பாதி வழியில் பாறைச் சுவரில் அந்தக் கால ஓவியங்கள். அங்கே போட்டோ எடுக்க அனுமதி இல்லை. அதற்கும் மேலே சிங்கப் பாதங்கள் செதுக்கிய வாசல். காலை 7 மணிக்கெல்லாம் ஏறத் தொடங்கினால் வெயிலும் கூட்டமும் தப்பிக்கும். பாறையில் பெரிய குளவிக் கூடுகள் உண்டு. சத்தம் போட வேண்டாம் என்று வைத்திருக்கும் போர்டுகளைச் சும்மா நினைக்காதீர்கள்.

எதிரே இருக்கும் பிதுரங்கல பாறையின் உச்சியிலிருந்துதான் சிகிரியா முழுசாகத் தெரியும். கட்டணமும் மிகக் குறைவு. சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே ஏறுகிறார்கள். கடைசிப் பகுதியில் கையை ஊன்றிப் பாறைகளுக்கு இடையே ஏற வேண்டியிருக்கும். சின்னக் குழந்தைகள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம். அடிவாரத்தில் புத்த கோயில் இருப்பதால் தோளும் முழங்காலும் மூடும் உடை கட்டாயம்.

2. மின்னேரியா: குளம் வற்றும்போது கூடும் யானைகள்

சிகிரியாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் மின்னேரியா குளம். 3-ம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் வெட்டியது. ஜூலை, ஆகஸ்டில் கோடை முற்றும்போது குளத்தில் தண்ணீர் இறங்கும். அப்போது வெளியே தெரியும் சேற்று நிலத்தில் பசும்புல் முளைக்கும். சுற்றுவட்டாரக் காடுகள் காய்ந்து கிடக்கும் நேரத்தில் புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பதால் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுகின்றன. ஆசிய யானைகள் இவ்வளவு பெரிய கூட்டமாகச் சேர்வதை உலகில் வேறெங்கும் பார்ப்பது அரிது.

இது குளத்தின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. விவசாயத்துக்காக அதிகத் தண்ணீர் விட்டு, கோடையிலும் குளம் நிறைந்திருந்தால் புல் முளைக்காது, யானைகளும் வராது. அந்தச் சமயத்தில் பக்கத்தில் உள்ள கவுடுல்ல பூங்கா, ஹுருலு காட்டுப் பக்கம் அவை நகர்ந்துவிடும். அதனால் ஜீப் பேசும்போதே "இப்ப யானை எங்கே நிக்குது?" என்று கேட்டுவிடுங்கள். மாலை 3 மணிக்கு மேல் உள்ளே போவது நல்லது.

3. திருகோணமலை: மே மாதத்துக்கான கடல்

கிழக்குக் கரையில் இயற்கையாக அமைந்த பெரிய துறைமுகம் திருகோணமலை. கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் கோணேஸ்வரம் கோயில். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. மாலை நேரத்தில் அங்கிருந்து கீழே பார்த்தால் தண்ணீரின் நீலம் கண்ணைக் கட்டும்.

வடக்கே சில கிலோமீட்டர் போனால் உப்புவெளி, அதையும் தாண்டி நிலாவெளி. மே முதல் செப்டம்பர் வரை இங்கே கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. மாடப்புறாக்கள் வாழ்வதால் அந்தப் பெயர். 2003-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முகமூடி, குழாய் மாட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மிதந்தாலே பவளப்பாறை, வண்ண மீன்கள், ஆமை, ஆளைக் கண்டாலே விலகிப் போகும் சின்ன கருந்துடுப்புச் சுறாக்களைப் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். பவளம் கல் அல்ல, உயிர். கடல் சூடாவதால் ஏற்கெனவே வெளிறிப்போகும் ஆபத்தில் இருக்கிறது. அதன் மேல் நின்று செல்ஃபி எடுத்தால் பல வருடங்களாக வளர்ந்தது ஒரு நொடியில் உடையும். உடைந்த துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம்.

நகரத்துக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கிழக்கே இன்னும் தெற்கில் போனால் பொத்துவில் அருகே அறுகம்குடா. அலைச்சறுக்கு விளையாட்டுக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வரும் இடம். அங்கும் சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான்.

4. யாழ்ப்பாணமும் நெடுந்தீவும்

யாழ்ப்பாணம் போனால் பேசுவதற்கு மொழிச் சிக்கலே இல்லை. 2019 அக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் சீற்றத்தைப் பொறுத்து மழைக்காலத்தில் நிறுத்தப்படும் சேவை இது. கப்பலை நம்பிப் போகிறவர்கள் திரும்பி வரும் தேதியில் ஒன்றிரண்டு நாள் இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது.

காரைநகரில் சவுக்கு மரங்கள் நிற்கும் கசூரினா கடற்கரை, ஆழம் குறைவு என்பதால் குடும்பத்தோடு போக ஏற்றது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு ஏறினால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில். இன்னும் தொலைவில் நெடுந்தீவு, படகில் சுமார் ஒரு மணி நேரம்.

நெடுந்தீவில் வேலிகளே பவளக்கற்களை அடுக்கிக் கட்டியவை. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வம்சம் இன்றும் திறந்த வெளியில் திரிகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரம் ஒன்று குகை போல அடிமரம் விரிந்து நிற்கிறது. நிழலும் கடையும் குறைவு. தண்ணீர், தொப்பி அவசியம். திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் இரவு அங்கேதான்.

5. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி: காலை 9 மணிக்குள் போய்ச் சேரணும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் நுவரெலியா. ஊட்டி மாதிரியான குளிர், ஏரி, ஆங்கிலேயர் கால வீடுகள். அருகே 1861-ல் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியல் பூங்கா, சீதையம்மன் கோயில். அங்கிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம்.

2,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் விரியும் புல்வெளி இது. நடுநடுவே மேகம் உரசும் குட்டைக் காடுகள். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு இந்த மலைகள்தான் ஊற்று. 2010-ல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுமார் 9 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடந்தால் பேக்கர்ஸ் அருவியும், "உலக முடிவு" என்ற பள்ளத்தாக்கும் வரும். நிலம் அங்கே சட்டென்று முடிந்து 800 மீட்டருக்கும் மேல் கீழே இறங்குகிறது.

சிக்கல் என்னன்னா, காலை 9, 10 மணிக்கு மேல் கீழிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். அதன்பிறகு போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க முடியும். அதனால் அதிகாலை 5 மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். நுழைவாயிலில் பையைச் சோதித்து பிளாஸ்டிக் கவர்களை எடுத்துவிடுவார்கள். ஸ்வெட்டர், நல்ல பிடிமானமுள்ள ஷூ வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் எட்டிப்பார்த்து போட்டோ எடுக்காதீர்கள். விழுந்து உயிர் தப்பியவர்கள் அரிது.

போகும் வழியெங்கும் தேயிலைத் தோட்டம். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் வணிக ரீதியாகத் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பு இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலைநோய் வந்து காப்பி அழிந்தபோது அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வாரிசுகள்தான் இன்றும் அந்தச் சரிவுகளில் கொழுந்து பறிக்கிறார்கள். 1948-ல் குடியுரிமை இழந்து, பல பத்தாண்டுகள் நாடற்றவர்களாக வாழ்ந்த சமூகம் அது. இன்னமும் பலர் ஒற்றை அறை லயன் வீடுகளில் இருக்கிறார்கள். தோட்டத்தில் இறங்கி அவர்களை நிற்கவைத்துப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். "எந்த ஊருங்க?" என்று தமிழில் கேட்டால், சுற்றுலா கைடு சொல்லாத கதையை அவர்களே சொல்வார்கள்.

6. எல்ல: ரயிலும் ஒன்பது வளைவுப் பாலமும்

கண்டியிலிருந்து எல்ல வரை மலை ரயிலில் ஆறு, ஏழு மணி நேரம். தேயிலைத் தோட்டம், அருவி, சுரங்கப்பாதை எனப் போகும் பாதையில் பட்டிப்பொல நிலையம் சுமார் 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் நானுஓயாவில் இறங்க வேண்டும். முன்பதிவு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கனமழைக் காலத்தில் நிலச்சரிவால் இந்தப் பாதை மூடப்படுவது உண்டு, கிளம்பும் முன் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்ல, தெமோதர நிலையங்களுக்கு நடுவே ஒன்பது வளைவுப் பாலம். 1921-ல் கட்டி முடிக்கப்பட்டது. இரும்பு இல்லாமல் கல், செங்கல், சிமென்ட்டால் மட்டும் எழுப்பியது. ஊரிலிருந்து நடந்தே போகலாம். பக்கத்திலேயே குட்டி சிவனொளிபாதம் எனப்படும் 1,141 மீட்டர் குன்று. குழந்தைகளும் ஏறலாம். ராவணன் பெயரில் அருவியும் குகையும் உண்டு.

இங்கே இன்னொரு கணக்கு இருக்கிறது. எல்ல மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நுவரெலியா நனையும்போதும் இங்கே மழை குறைவு. அந்த வறண்ட காற்றில்தான் ஊவா தேயிலைக்குத் தனி மணம் வருகிறது.

ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு எடுக்கும் ரீல்ஸ் இங்கே ரொம்ப பிரபலம். பாறைச் சுவரும் மரக்கிளையும் தண்டவாளத்துக்கு ஒரு கை தூரத்தில் இருக்கின்றன. தலை மோதி விழுந்து சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள். படத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம்.

7. சிவனொளிபாதமலை: இரவில் ஏறும் மலை

2,243 மீட்டர் உயரம். உச்சியில் உள்ள பாதச்சுவடு சிவனுடையது என்று இந்துக்களும், புத்தருடையது என்று பௌத்தர்களும், ஆதாமுடையது என்று முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நம்புகிறார்கள். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். நல்லதண்ணியிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட படிகள். நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கினால் விடியலுக்கு உச்சி. சூரியன் எழும்போது மலையின் நிழல் எதிர்ப்பக்கத்தில் கச்சிதமான முக்கோணமாக விழும்.

சீசனில் வழியெல்லாம் விளக்கும் டீக்கடையும் இருக்கும். சீசன் முடிந்தால் இரண்டும் இருக்காது, மழையும் காற்றும் பலமாக இருக்கும். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஏறுவதைவிட இறங்குவதுதான் காலைப் பதம் பார்க்கும்.

8. தெற்குக் கடல்: காலி, மிரிஸ்ஸ, திமிங்கலம்

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்குக் கரை பொற்காலம். போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் பலப்படுத்திய காலிக் கோட்டை 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மாலையில் மதில் மேல் நடந்துகொண்டே சூரியன் மறைவதைப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.

மிரிஸ்ஸவிலிருந்து நவம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கலம் பார்க்கப் படகுகள் போகின்றன. இலங்கைக்குத் தெற்கே கடல் சட்டென்று ஆழமாவதால், பூமியிலேயே பெரிய உயிரினமான நீலத்திமிங்கலம் கரைக்குப் பக்கத்திலேயே வருகிறது. அதே இடத்தில்தான் உலகின் பரபரப்பான சரக்குக் கப்பல் பாதையும் இருக்கிறது. கப்பல் மோதித் திமிங்கலங்கள் இறப்பதைக் குறைக்க, எம்.எஸ்.சி. நிறுவனம் 2022-ல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்ட முடிவு செய்தது.

படகு தேர்வு செய்யும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். 100 மீட்டர் தள்ளி நிற்கும், துரத்தாத, லைஃப் ஜாக்கெட் தரும் படகு எது என்று விசாரியுங்கள். கடல் குமட்டல் வருகிறவர்கள் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளலாம்.

9. காடு: யாலவா, உடவளவவா, சிங்கராஜாவா?

சிறுத்தை பார்க்கணும் என்றால் யால. ஆனால் கூட்டம் அதிகம். அங்கே மக்கள் அதிகம் போகும் முதல் வலயம் வழக்கமாக செப்டம்பரில் சில வாரங்கள் மூடப்படும். யானை உறுதியாகப் பார்க்கணும், குழந்தைகள் கூட இருக்கிறார்கள் என்றால் உடவளவ. அமைதி வேண்டும் என்றால் நாட்டின் மிகப்பெரிய பூங்காவான வில்பத்து.

மரமும் பறவையும் பிடிக்கும் என்றால் சிங்கராஜா. 1988-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மழைக்காடு. இலங்கையில் மட்டுமே வாழும் பல பறவைகள், மரங்கள் அங்கே உண்டு. அட்டைக்கடி நிச்சயம். நீளமான சாக்ஸ், கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும்.

எத்தனை நாள் தேவை?

வரைபடத்தில் பக்கமாகத் தெரியும் இடங்கள் சாலையில் தூரம். கொழும்பு - சிகிரியா சுமார் 170 கிலோமீட்டர்தான், ஆனால் நாலு மணி நேரம் ஆகும். மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனாலே பெரிது. ஐந்து நாளில் தீவு முழுக்கச் சுற்றிக் காட்டுகிறோம் என்கிற பேக்கேஜில் பாதி நேரம் வேனில்தான் போகும்.

• மே, 5 நாள்: கட்டுநாயக்க விமான நிலையம் - சிகிரியா (2 இரவு) - திருகோணமலை (2 இரவு) - திரும்புதல். விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருப்பதால் நகருக்குள் போகாமலே சிகிரியா கிளம்பலாம்.

• செப்டம்பர், 6 நாள்: சிகிரியா, மின்னேரியா (2 இரவு) - கண்டி (1 இரவு) - ரயிலில் எல்ல (2 இரவு) - திரும்புதல்.

• ஜனவரி, 7 நாள்: கண்டி (1 இரவு) - நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி (2 இரவு) - உடவளவ (1 இரவு) - மிரிஸ்ஸ, காலி (2 இரவு) - எக்ஸ்பிரஸ்வே வழியாகத் திரும்புதல்.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

விசா: இந்தியர்கள் ஆன்லைனில் ஈ.டி.ஏ. எனப்படும் பயண அனுமதி பெற வேண்டும். கட்டண விதிகள் அடிக்கடி மாறுகின்றன. இலங்கைக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே மாதிரி பெயரில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய.

டிக்கெட்: சிகிரியா போன்ற இடங்களில் சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம். பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும். ஹோட்டலில் வைத்துவிட்டுப் போனால் முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

கடல்: அலை குறைவாகத் தெரியும் இடத்தில்தான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கலாம். சிவப்புக்கொடி இருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

அருவி: ராவணன் அருவி, தியலும அருவியின் மேல் குளங்கள் போன்றவற்றில் பாறை வழுக்கும். மேலே மலையில் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். தண்ணீர் திடீரென கலங்கினால் உடனே கரையேறிவிடுங்கள்.

யானை: சாலையோரம் நிற்கும் காட்டு யானைக்கு வண்டியிலிருந்து பழம் கொடுப்பது ஆபத்து. பழகிய யானை அடுத்த வண்டியை மறிக்கும். கடைசியில் உயிர் போவது மனிதருக்கோ யானைக்கோ.

கோயில்: புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அவமதிப்பாகக் கருதப்படும், சட்ட நடவடிக்கை வரை போகலாம். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை, அன்று மது விற்பனை கிடையாது.

வண்டியும் ட்ரோனும்: வாடகை டூவீலர் ஓட்ட இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி தேவை.

அவசர எண்கள்: போலீஸ் 119, சுற்றுலா போலீஸ் 1912, இலவச ஆம்புலன்ஸ் 1990. இந்த ஆம்புலன்ஸ் சேவை 2016-ல் இந்திய அரசின் உதவியோடு தொடங்கப்பட்டது. மூன்று எண்களையும் கிளம்பும் முன்பே போனில் சேமித்து வையுங்கள். மலையிலும் காட்டிலும் பல இடங்களில் இன்டர்நெட் கிடைக்காது, தேடி எடுக்க முடியாது.

சுருக்கமா சொன்னா: மே முதல் செப்டம்பர் வரை கிழக்கும் வடக்கும், டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கும் மேற்கும், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை மலை. அக்டோபர், நவம்பரில் போக வேண்டியிருந்தால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்துப் போடுங்கள். லீவு எப்போது என்று முதலில் பாருங்கள், கரையைப் பிறகு முடிவு செய்யுங்கள்.